மரத்தில் மினி ஐடிஎக்ஸ் கணினிப் பெட்டி: சவுக்குப் பலகை, ட்ரிம்மர் வேலை, இலங்கை மலைநாட்டு ஈரம்

கொட்டகலைப் பலகை:
வணக்கம். கையிலுள்ள கணினிப் பாகங்கள்: மினி ஐடிஎக்ஸ் (சிறிய சதுர வகை) மதர்போட், எஸ்எஃப்எக்ஸ் (சிறிய வகை) பவர் சப்ளை, சிபியுவைக் குளிரவைக்கிற 65 மி.மீ. உயரக் கூலர். தனி கிராஃபிக்ஸ் கார்ட் கிடையாது. மேசையில் படுக்கையாக வைக்கிற மரப்பெட்டி ஒன்று செய்ய வேண்டும். மரக்காலையில் காய்ந்த சவுக்கு (தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிற கிரெவில்லியா) ஒரு இஞ்ச் பலகை கிடைக்கிறது. அதை 12 மி.மீ. வரை சீவிக்கொள்ளலாம். கையில் கால் இஞ்ச் கொலெட் (பிட்டைப் பிடிக்கிற கவ்வி) உள்ள ட்ரிம்மர் (சுழலும் பிட்டால் மரத்தை வெட்டுகிற சிறு ரவுட்டர்), 6 மி.மீ. நேர் பிட் இரண்டு, பெயாரிங் பிட் ஒன்று, உளிகள், ஜீ கிளாம்ப் ஆறு இருக்கின்றன.

யோசனை இதுதான்: உள்ளளவு 300 × 230 × 90 மி.மீ. ஆறு பக்கமும் முழுப் பலகை, மூலைகளை ஒட்டிவிட்டு அடிப்பலகையில் நேரே ஸ்டாண்ட்ஆஃப் (போட்டைத் தூக்கி நிறுத்துகிற மரையுள்ள குட்டித் தூண்) முறுக்கி மதர்போட்டைப் பூட்டுவது. பின்பக்கப் பலகையில் ஐஓ ஷீல்டுக்கு (யூஎஸ்பி போன்ற வாய்களைச் சுற்றி வருகிற தகடு) ஒரு துளை. எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

ஹட்டன் உளி:
தம்பி, ஆறு பக்கமும் ஒட்டிய முழுப் பலகைப் பெட்டி நம் பக்கத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. முதலில் இதைத் தீர்த்துக்கொண்டு மற்றதுக்குப் போவோம்.

மரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தக்க வீங்கும், சுருங்கும். காற்றில் 65 வீத ஈரப்பதம் இருந்தால் மரத்தின் ஈரம் 12 வீதத்தில் நிற்கும். 90 வீதமென்றால் 20 வீதம்வரை ஏறும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே மாதம் தொடங்கி செப்டெம்பர்வரை வெளியே அந்த நிலைதான். பெட்டிக்குள்ளே கதை வேறு. 18 பாகையில் 90 வீத ஈரத்தோடு உள்ளே போகிற காற்று 35 பாகைக்குச் சூடாகிறபோது அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றுக்கு மரம் 6, 7 வீதத்துக்குக் காய்ந்துவிடும். ஆக, ஒரே பலகையின் வெளிமுகம் மூடுபனியில் ஊறுகிறது, உள்முகம் வெயிலில் போட்டதுபோல் காய்கிறது. உள்முகம் சுருங்கினால் பலகை உள்பக்கம் குழிந்து வளையும். விளிம்புகளை ஒட்டி அசையவிடாமல் பிடித்திருந்தால் வளையாது, ஆனால் நடுவில் பிளக்கும்.

அளவு எவ்வளவு? பட்டையாக (மரத்தின் வளையங்களை ஒட்டி) அறுத்த பலகை ஈரத்தில் 6 வீத மாற்றத்துக்கு அகலத்தில் ஏறத்தாழ ஒன்றரை வீதம் மாறும். 240 மி.மீ. அகலமென்றால் 3 முதல் 4 மி.மீ. ரேகை (மரத்தின் நார் ஓடுகிற திசை) நீளவாக்கில் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுதான். இந்த 3, 4 மி.மீட்டருக்கு எங்கேயாவது இடம் விட்டே ஆக வேண்டும்.

அதனால் நான் சொல்வது: மதர்போட்டையும் பவர் சப்ளையையும் அலுமினியத் தட்டு சுமக்கட்டும். அதைச் சுற்றி மரச் சட்டம். சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளம்) பலகைகள் ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். பழைய கதவுகளில் பலகையைச் சட்டத்துக்குள் விடுகிற அதே முறை.

மின் பாதை:
ஹட்டன் உளி அண்ணன் சொன்னதோடு இன்னொரு காரணம் சேர்த்துக்கொள்ளுங்கள். மதர்போட்டை மரத்தில் பூட்டினால், மரம் அசையும்போது நான்கு ஸ்க்ரூவும் போட்டை இழுக்கும். ஐஓ ஷீல்டு ஒரு பக்கம் போகும், யூஎஸ்பி வாய் இன்னொரு பக்கம் நிற்கும்.

உள்ளளவும் சரியில்லை. மினி ஐடிஎக்ஸ் போட் 170 × 170. எஸ்எஃப்எக்ஸ் 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 295 ஆகிவிடும். 300இல் 5 மி.மீ. மிச்சத்தில் கேபிள் வளையாது. உள்ளகலம் 320 வையுங்கள். உயரத்தை இப்படிக் கணக்குப் பாருங்கள்: ஸ்டாண்ட்ஆஃப் 6.5, போட் 1.6, சொக்கெட்டும் சிபியுவும் சேர்ந்து 8 அளவில், கூலர் 65. மொத்தம் 81. கூலர் விசிறி மேலிருந்து காற்று இழுக்கிறதால் அதற்கு மேலே குறைந்தது 25 மி.மீ. விட வேண்டும். உள்ளுயரம் 110. ஆழம் 240 இருந்தால் பவர் சப்ளைக்கு முன்னால் 140 மி.மீ. கிடைக்கும், மிச்சக் கேபிளெல்லாம் அங்கே படுத்துக்கொள்ளும்.

தகடு இரண்டு கனத்தில் வாங்குங்கள். அடித்தட்டு 2 மி.மீ., பின்சுவர் 1 மி.மீ. பின்சுவரின் கனத்தில் விளையாட வேண்டாம். ஐஓ ஷீல்டின் ஓரக் கொக்கிகள் 0.94 முதல் 1.32 மி.மீ. வரையான தகட்டைப் பிடிக்கத்தான் செய்தவை. 12 மி.மீ. மரத்தில் அது நிற்கவே நிற்காது. வெட்டு 158.75 × 44.45. அந்த வெட்டைச் சுற்றி 2.5 மி.மீட்டருக்கு ஸ்க்ரூத் தலை, மடிப்பு எதுவும் வரக்கூடாது.

ஸ்டாண்ட்ஆஃப் துளைகளைக் காகித வரைபடத்தை நம்பிப் போடாதீர்கள். பிரின்டர் ஒரு வீதம் சுருக்கி அடித்தாலே 1.5 மி.மீ. தவறிவிடும். போட்டையே தகட்டில் வைத்து, ஐஓ ஷீல்டைப் பூட்டி, வாய்களெல்லாம் நேராக வந்த பிறகு துளை வழியே பென்சிலால் குறியுங்கள். நான்கு துளையும் சதுரமாக வராது, ஒன்று உள்ளே தள்ளி இருக்கும். அது அப்படித்தான். ஸ்டாண்ட்ஆஃபின் மரை 6-32ஆ, எம்3ஆ என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 6-32 ஸ்க்ரூ எம்3 மரையில் ஒரு சுற்று ஏறி இறுகும், இன்னும் முறுக்கினால் மரை போய்விடும்.

நானுஓயா:
ஒரு சந்தேகம். இவ்வளவு சிரமம் எதற்கு? 12 மி.மீ. பிளைவுட் எடுத்தால் வீங்காது, சுருங்காது. மேலே வெனியர் (மெல்லிய மரத் தோல்) ஒட்டினால் தேக்கு மாதிரியே இருக்குமே?

ஹட்டன் உளி:
பிளைவுட் நல்ல தெரிவுதான், மறுக்கவில்லை. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அகலத்தில் அசைவு மிகக் குறைவு. முழுப் பலகையைச் சுமக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதையே எடுங்கள். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, வெனியரை ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் பிளைவுட்டும் வளையும். இரண்டு முகத்திலும் ஒரே கனத்தில் ஒட்ட வேண்டும். இரண்டு, 12 மி.மீ. என்று விற்கிற ஷீட் 11.3, 11.5 என்றுதான் வரும். காடி வெட்டுகிறதுக்கு முன்னால் கலிப்பரில் அளக்கவும். மூன்று, விலை குறைந்த ஷீட்டின் உள்ளடுக்கில் வெற்றிடம் இருக்கும். ரவுட்டர் அந்த இடத்துக்கு வரும்போது விளிம்பு பொத்தென்று உள்ளே போய்விடும்.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். டெம்பிளேட் செய்ய மட்டும் எடுங்கள். அதன் வெட்டு விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும், உப்பினது திரும்பாது.

கொட்டகலைப் பலகை:
நன்றி. சட்டமும் மிதக்கும் பலகையும் என்று முடிவெடுத்தாயிற்று. இனி ட்ரிம்மர் வேலையைச் சொல்லுங்கள். காடியை எத்தனை ஆழத்துக்கு எடுப்பது?

ராகலை ரவுட்டர்:
காடிக்கு முன்னால் ஒரு கேள்வி. உங்கள் 6 மி.மீ. பிட்டில் 6 என்பது வெட்டுகிற விட்டமா, தண்டின் விட்டமா? கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. தண்டு 6 மி.மீட்டராக இருந்து, கால் இஞ்ச் கொலெட்டில் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் கொலெட் வாய் மட்டும்தான் பிடிக்கும். வெட்டும்போது பிட் மெல்லக் கீழே இறங்கி, 8 மி.மீ. காடி கடைசியில் 10 ஆகியிருக்கும். அதைவிட மோசம், நிமிடத்துக்கு 30,000 சுற்றில் கழன்று பறக்கலாம். தண்டில் கலிப்பரை வைத்துப் பாருங்கள். 6 என்றால் 6 மி.மீ. கொலெட் தனியாக வாங்குங்கள். தாளைச் சுற்றி இறுக்குகிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். தண்டு கொலெட்டுக்குள் குறைந்தது 20 மி.மீ. போகட்டும். அடிவரை தள்ளி முட்டவைத்தும் இறுக்கக் கூடாது, 2 மி.மீ. மேலே தூக்கி இறுக்குங்கள்.

காடி: சட்டத்துக்கு 20 × 30 மி.மீ. மரம், அதன் உள்முகத்தில் 6 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம். ஒரே தடவையில் 8 எடுக்காதீர்கள். 3, 3, 2 என்று மூன்று தடவை. 6 மி.மீ. பிட் மெல்லியது, ஆழமாக ஓட்டினால் வளைந்து காடி ஒரு பக்கம் அகலும், மரமும் கருகும். கருகல் வந்தால் பிட் மழுங்கிவிட்டது, இல்லையென்றால் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது.

பலகையின் நான்கு விளிம்பிலும் காடிக்குள் போகிற மெல்லிய நாக்கு எடுக்க வேண்டும். கனம் 5.8 மி.மீ. முதலில் உதவாத துண்டில் எடுத்து, காடியில் கையால் தள்ளினால் போகிற அளவுக்குச் சரிபாருங்கள். நாக்கை முதலில் ரேகைக்குக் குறுக்கே உள்ள முனைகளில் வெட்டி, பிறகு ரேகையோடு போகிற விளிம்புகளை வெட்டுங்கள். முனையில் சில்லுப் பிய்ந்தாலும் அடுத்த வெட்டு அதை எடுத்துவிடும்.

திசையும் முக்கியம். பலகையின் வெளிவிளிம்பில் ட்ரிம்மரை இடஞ்சுழியாக நகர்த்த வேண்டும், ஓட்டைக்குள் வெட்டும்போது வலஞ்சுழியாக. மாற்றி ஓட்டினால் பிட் மரத்தைக் கடிக்காமல் மெஷினை இழுத்துக்கொண்டு ஓடும்.

சவுக்குக்கென்று ஒன்று. ஆரத் திசையில் (மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி) அறுத்த பலகையில் அந்த வெள்ளிப் பூ மாதிரி கோலம் அழகாக வரும், அசைவும் பட்டைப் பலகையைவிடக் குறைவு. அது கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அந்தப் பூக்கள் சீவுளியிலும் பிட்டிலும் செதிள் செதிளாகப் பெயரும். கடைசி வெட்டை அரை மி.மீ. மட்டும் வைத்து, புது பிட்டில் மெதுவாக எடுங்கள். தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, சரியான தூசி முகமூடி. துணி முகமூடி போதாது. எந்த மரத்தூளும் மூக்குக்குள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது.

ஊவாக் காற்று:
பண்டாரவளைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு திருத்தம். ஹட்டன் மூடுபனியில் இருக்கிற ஆடியில் இங்கே காய்ந்த காற்று அடிக்கும். எங்களுக்கு மழை பின்மாரியில், டிசம்பரை ஒட்டித்தான். ஆகவே காடிக்குள் எவ்வளவு இடம் விடுவது என்பது பெட்டியைச் சேர்க்கிற மாதத்தைப் பொறுத்தது. காய்ந்த காலத்தில் சேர்த்தால் 8 மி.மீ. ஆழக் காடியில் 6 மி.மீ. நீட்டமுள்ள நாக்கு, இரு பக்கமும் 2 மி.மீ. வெறுமை. பலகை ஏற்கெனவே வீங்கி நிற்கிற மழைக்காலத்தில் சேர்த்தால் பக்கத்துக்கு அரை மி.மீ. போதும், இனி அது சுருங்கத்தான் போகிறது. ரேகை நீளவாக்கில் எப்போதும் 1 மி.மீ. போதும்.

பலகை ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க, ரேகை முடிகிற இரண்டு முனையின் நடுப்புள்ளியில் மட்டும் 2 மி.மீ. மூங்கில் குச்சி ஒன்று ஆணியாக. மற்ற இடத்தில் பசை ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. சட்ட மூலையை ஒட்டும்போது வழிகிற பசை காடிக்குள் போகாமல் இருக்க, பலகையின் நான்கு மூலையிலும் மெழுகு தேய்த்துவிடுங்கள்.

நானுஓயா:
பசை என்றதும் நினைவு வந்தது. நுவரெலியாவில் தை மாதக் காலைகளில் ஒட்டுவது சரியா?

ஹட்டன் உளி:
வேண்டாம். சாதாரண வெள்ளை மரப்பசை பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழே ஒழுங்காகப் படலம் கட்டாது. காய்ந்தபின் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக உதிரும், மூட்டுக்குப் பலம் இராது. காற்று மட்டுமல்ல, மரமும் சூடாக இருக்க வேண்டும். பலகையை முதல்நாளே அடுப்படி உள்ள அறையில் வைத்து, பத்து மணிக்குமேல் ஒட்டி, கிளாம்போடு இரவும் அதே அறையில் விடுங்கள்.

கினிகத்தேனை 80:
காற்றோட்டம் பற்றி யாரும் பேசவில்லை. இரும்புப் பெட்டியின் சுவர் வழியாகக் கொஞ்சம் சூடு வெளியேறும். மரம் சூட்டைக் கடத்தாது, அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் அருகில்தான். ஆகவே முழுச் சூட்டையும் விசிறிதான் தள்ள வேண்டும். உள்ளுயரம் 110 என்பதால் 120 விசிறி நிற்காது. இடப்பக்கச் சுவரில் 80 மி.மீ. விசிறி இரண்டு, வெளியே தள்ளுகிற மாதிரி. ஸ்க்ரூத் துளைகளின் இடைவெளி 71.5 மி.மீ. உள்ளே வருகிற காற்றுக்கு அடித்தட்டின் முன்பாதியில் துளைகள், பெட்டிக்கு 20 மி.மீ. கால்கள். பவர் சப்ளையின் விசிறி கீழே பார்க்கட்டும், அதற்கும் அடித்தட்டில் தனித் துளை.

மரத்தில் காற்றுப் பிளவு வெட்டுகிறவர்கள் 6 மி.மீ. பிளவு, 6 மி.மீ. மரம் என்று மாற்றி மாற்றி எடுப்பார்கள். பார்க்க அழகு, ஆனால் பாதி வழி அடைபட்டது. அதனால் பிளவுள்ள பரப்பு விசிறியைவிட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். விசிறியையும் பிளவில் ஒட்டி வைக்காமல் 10 மி.மீ. பின்னால் தள்ளுங்கள், ஊளைச் சத்தம் குறையும். பிளவுகள் ரேகையோடு போக வேண்டும். குறுக்கே வெட்டினால் நடுவில் நிற்கிற கம்புகள் விரல் பட்டால் முறியும்.

நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே கன அளவைத் தள்ளினாலும் சூட்டைச் சுமக்கிற காற்றின் நிறை குறைகிறது. ஆனாலும் கொழும்பில் 30 பாகையில் உள்ளே போகிற காற்று இங்கே 18 பாகையில் போகிறதே, அந்த 12 பாகை அதைவிடப் பெரிய லாபம். இதுக்காக விசிறியைக் கூட்டத் தேவையில்லை.

எல்லாத் திறப்பிலும் 1 மி.மீ. கண்ணுள்ள துருப்பிடிக்காத வலை போடுங்கள். கணினி அணைந்த பிறகு குளிருக்கு ஒதுங்க வருகிற பல்லிக்கும் கரப்பானுக்கும் இளஞ்சூடான பவர் சப்ளை நல்ல இடம். அதைவிட நெருக்கமான வலை காற்றைப் பிடித்துவிடும், ஒரு மாதத்தில் தூசியால் அடைந்தும் போகும்.

மின் பாதை:
புவியிணைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரும்புப் பெட்டியில் எல்லா உலோகமும் ஒன்றோடொன்று தொட்டு பவர் சப்ளையின் உடல் வழியாகப் புவிக்குப் போகும். இங்கே நாம்தான் அதைச் செய்ய வேண்டும். பவர் சப்ளையை நான்கு ஸ்க்ரூவால் பின்தகட்டில் பூட்டுங்கள். பின்தகட்டையும் அடித்தட்டையும் எம்4 ஸ்க்ரூ, பல்வாஷர் போட்டு இணையுங்கள். அலுமினியத்துக்குப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் சுரண்டுங்கள். பிறகு மல்டிமீட்டரில் பிளக்கின் புவி ஊசிக்கும் அடித்தட்டின் தூர மூலைக்கும் இடையே பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

பழைய லயன் வீடுகளில் பல பிளக் பொயின்டுகளுக்குப் புவிக்கம்பியே கிடையாது. புவி இல்லையென்றால் பவர் சப்ளையின் வடிகட்டிக் கொண்டென்சர்கள் உலோகத் தட்டை 230 வோல்ட்டின் பாதிக்குத் தூக்கி வைக்கும். தொட்டால் விரல் கூசும். இது பெட்டியின் பிழை அல்ல, வயரிங்கின் பிழை. ட்ரிப் சுவிட்சும் புவிக்கம்பியும் இல்லாத அறையில் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பெட்டி அப்புறம். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடிமுழக்கம் வரும்போது பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கொட்டகலைப் பலகை:
மரத்துக்கு உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்ட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தேவையா? பூச்சுக்கு என்ன போடலாம்?

மின் பாதை:
அடித்தட்டும் பின்சுவரும் உலோகம் என்பதால் பெரும்பாலும் தேவைப்படாது. பக்கத்தில் எஃப்எம் ரேடியோ இரைந்தால் பார்க்கலாம். ஒட்டுவதென்றால் தாளையும் தட்டோடு கம்பியால் இணைக்க வேண்டும், எங்கும் தொடாமல் தொங்குகிற தாளால் பயனில்லை. விளிம்பு பிரிந்து மதர்போட்டில் விழுந்தால் ஷோர்ட். அந்த அபாயத்துக்கு நான் ஒட்டாமல் விடுவதையே சொல்வேன்.

ராகலை ரவுட்டர்:
பூச்சு எதுவானாலும் உள்முகம், வெளிமுகம், நாக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கைக் கோட்டிங். வெளியே மூன்று கோட்டிங் அடித்து உள்ளே வெறும் மரமாக விட்டால் முதலில் சொன்ன வளைவு இரட்டிப்பாகும். பலகைகளைச் சட்டத்தில் சேர்ப்பதற்கு முன்னாலேயே பூசுங்கள். சேர்த்தபின் பூசினால், பின்னால் பலகை சுருங்கும்போது காடியோரம் வெள்ளைக் கோடாகப் பூசாத மரம் தெரியும்.

என்சி (நைட்ரோசெலுலோஸ்) லாக்கர் அடிக்கிறவர்கள் மழைநாளில் அடிக்க வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும், பூச்சு பால் மாதிரி வெளுக்கும். வெயில் உள்ள மதியத்தில், மெல்லிய கோட்டிங்காக, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் சேர்த்து அடியுங்கள். ஈரத்தைத் தடுக்கிறதில் பொலியூரித்தேன் அதைவிட நல்லது, 180, 240, 320 என்று தேய்த்து மூன்று மெல்லிய கோட்டிங். ஆளிவிதை எண்ணெய் ஈரத்தைச் சரியாகத் தடுக்காது. அதைப் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட்டு எறிய வேண்டும்.

மணம் முற்றாகப் போகும்வரை, இரண்டு மூன்று கிழமையாவது, போட்டை உள்ளே வைக்காதீர்கள். புளிச்ச வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் பசையை உள்ளே எங்கும் தொடவிடாதீர்கள், அதிலிருந்து வருகிற அமிலம் செம்பை அரிக்கும்.

கொட்டகலைப் பலகை:
திருத்திய வரைபடம்: உள்ளளவு 320 × 240 × 110. அடித்தட்டு 2 மி.மீ., பின்சுவர் 1 மி.மீ. சட்டம் 20 × 30. மேல்பலகை ஆரத்திசைச் சவுக்கு, ரேகை இடவலமாக. 80 விசிறி இரண்டு. அடித்தட்டைச் சட்டத்தின் கீழ்க்கட்டைகளில் எட்டு ஸ்க்ரூவால் பூட்டுகிறேன். பின்சுவரைச் சுற்றி மரப்பலகை வராது, சட்டத்தின் கட்டை மட்டும். சரியா?

ஹட்டன் உளி:
நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடம் மட்டும் மாற்றுங்கள். எட்டு ஸ்க்ரூ வேண்டாம், நான்கு போதும். பின்பக்கம் இரண்டும் வட்டத் துளையில் இறுக்கமாக, முன்பக்கம் இரண்டும் 4 × 8 மி.மீ. நீளத் துளையில், நீளம் முன்பின்னாக. அப்போது பிளக்குகள் உள்ள பின்பக்கம் அசையாது, சட்டம் அசைந்தால் முன்பக்கம் நழுவிக்கொள்ளும். கட்டையில் ஸ்க்ரூவை நேரே ஏற்றாமல் எம்4 பித்தளை இன்சேட் (உள்ளே மரையுள்ள குழல்) பதியுங்கள், கழற்றிக் கழற்றிப் பூட்டினாலும் மரம் தேயாது. கட்டையின் முனையில், ரேகை நுனியில் பதிக்காதீர்கள், அங்கே பிடிப்புக் குறைவு.

அடுத்தது மேல்பலகை. அது சட்டத்தோடு நிரந்தரமாக இருந்தால் உள்ளே கை போகாது. மேல்சட்டத்தைத் தனியாக ஒட்டி, நான்கு மூலையிலும் 6 மி.மீ. முளையில் (உருண்டை மரக் குச்சி) உட்காரவிட்டு, பின்னால் இரண்டு எம்4 ஸ்க்ரூவால் பிடியுங்கள். முளைத் துளைகளை மேல்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் சேர்த்துக் கிளாம்ப் பண்ணி ஒரே தடவையில் துளையிட்டால்தான் நேராக விழும்.